கார் அம்ப் அடிக்கடி நிற்கிறதா? பவர் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாட்டில் பாஸ் (தாழ்ந்து அதிரும் ஒலி) அடிக்கும் இடத்தில் அம்ப் (ஸ்பீக்கர்களுக்குப் போகும் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிஃபயர்) நின்று நின்று வந்தால் உடனே அதைக் கழற்றிக்கொண்டு திருத்துபவரிடம் ஓட வேண்டாம். பல வாகனங்களில் கோளாறு கிடப்பது பற்றரிக்கும் அம்ப்புக்கும் இடையில்.

முதல் தவறு, பாட்டு ஓடாத நேரத்தில் வோல்ட் பார்ப்பது. கரண்ட் இழுபடாதபோது, ஒரே இழையில் தொங்கும் வயர்கூட 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ரெஸ்ட் டோனை (ஒரே சீராக ஒலிக்கும் சோதனைச் சத்தம்) சில விநாடிகள் மட்டும் போட்டு, அப்போது அளக்க வேண்டும். பாட்டு என்றால் மீற்றரின் இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருக்கும். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி நெகட்டிவ்விலும் மறுமுனையை அம்ப்பின் எர்த் டெர்மினலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிறகு பற்றரியின் பொசிட்டிவ்வுக்கும் அம்ப்பின் பொசிட்டிவ்வுக்கும் இடையில் பாருங்கள். அரை வோல்ட்டை நெருங்கினால் வயர் மெல்லியது, இல்லாவிட்டால் பியூஸ் ஹோல்டர் தளர்ந்திருக்கிறது. தளர்ந்த ஹோல்டர் தொட்டாலே சுடும்.

எர்த்தில்தான், அதாவது அம்ப்பின் நெகட்டிவ் வயரை வாகனத்தின் தகட்டுடன் சேர்க்கும் இடத்தில்தான், நம் பக்கம் அதிகம் பிழைக்கிறது. பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். பெயின்ட் கரண்ட் கடத்தாது. சான்ட் பேப்பரால் தகடு வெள்ளையாக மின்னும் வரை சுரண்டி, லக்கை (வயர் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) நேரே தகட்டில் படவைத்து, பல் வொஷர் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் கை வைக்கக் கூடாது. எர்த் வயர் அரை மீற்றருக்குள், பொசிட்டிவ் வயரின் அதே தடிப்பில் இருக்கட்டும். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை வீதி கடலோரமாகவே போகிறது. உப்புக்காற்றில் சுரண்டிய இடம் விரைவில் துருப்பிடிக்கும். இறுக்கிய பிறகு மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசுங்கள். வயர் நுனியை உரித்துப் பார்க்கையில் செம்பு பச்சை பூத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி எறியுங்கள்.

வயர் வாங்கும்போது உறையின் தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரிகிறதா? அது செம்பு பூசிய அலுமினியம். அதே தடிப்பில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு தடை. ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) 500 வொட் கொண்ட, கரண்டை அதிகம் வீணாக்காத டி கிளாஸ் வகை அம்ப் முழுச்சத்தத்தில் 45 அம்பியரளவு இழுக்கும். அதற்கு 5 மீற்றர் 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிப்பு) செம்பு வயரில் அரை வோல்ட்டளவு போய்விடும். 4 கேஜில் 0.2 வோல்ட்கூடப் போகாது.

பியூஸ் அம்ப்பைக் காப்பதற்கு என்று நினைத்து அதை டிக்கியில் வைப்பது ஆபத்தான தவறு. பிரதான பியூஸ் காப்பது வயரை. பற்றரியிலிருந்து 45 சென்றிமீற்றருக்குள் அது இருக்க வேண்டும். இல்லையென்றால் பொனட்டுக்குள் வயர் தகட்டில் உரசும் அன்று நெருப்புத்தான். வயர் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். எரிந்த பியூஸுக்கு சிகரெட் பெட்டித் தகடு சுற்றவே கூடாது.

அம்ப்பில் கோளாறைக் காட்டும் புரொடெக்ட் லைட் எரிந்தால் ஸ்பீக்கர் வயர்களையும், செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிளையும் கழற்றிவிட்டு அம்ப்பை மறுபடி ஓன் பண்ணுங்கள். லைட் அணைந்தால் பழுது அந்தப் பக்கம். அணையாவிட்டால் மேலே சொன்ன வயர், எர்த், பியூஸ் ஹோல்டர் ஆகியவற்றைச் சரிபாருங்கள். அவை சரியாக இருந்தால் மட்டுமே அம்ப்பைத் திறக்க வேண்டும்.

காலையில் பற்றரி இறங்கிக் கிடந்தால் ரிமோட் வயரை (செட்டோடு சேர்த்து அம்ப்பை ஓன், ஓஃப் பண்ணும் மெல்லிய வயர்) பாருங்கள். செட்டை நிறுத்தியதும் அதில் 0 வோல்ட் வர வேண்டும். 12 நின்றால், பெரும்பாலும் யாரோ அதை நேரே பற்றரி லைனில் முடிந்திருக்கிறார்கள்.