காசநோய் மரபணு அறிக்கையில் 57-ஆம் இடத்தை முதலில் பாருங்கள்

என் தாத்தா சிங்கப்பூரில் சிராங்கூன் பக்கம் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். பால் மூன்று முறை பொங்கி அடங்கினால்தான் தம்ளரில் ஊற்றுவாள் பாட்டி. மாட்டுக் காசநோய்க் கிருமி கொதிக்கும் பாலில் பிழைக்காது என்பதைப் பல வருஷம் கழித்து ஆய்வுக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன். இப்போது அந்தக் கிருமியின் மரபணு வரிசையைப் படித்துச் சொல்வதே என் வேலை. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லித் தரும் முறை இது.

கிருமியை வளர்க்கும்போதே கவனம் வேண்டும். மாட்டுக் காசநோய்க் கிருமியான மைக்கோபாக்டீரியம் போவிஸுக்குக் கிளிசரின் ஒத்துவராது. பைருவேட் சேர்த்த ஊடகம் ஒன்றையும் கூடவே வையுங்கள்.

வரிசை கைக்கு வந்ததும் எச்37ஆர்வி என்ற மனிதக் காசநோய் மூலவரிசையோடு ஒப்பிட்டு, பைராசினமிடேஸ் என்ற நொதியை உண்டாக்கும் பிஎன்சிஏ மரபணுவுக்கு நேராகப் போங்கள். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். இந்த மரபணு எதிர் இழையில், அதாவது திரையில் தெரியும் டிஎன்ஏ இழைக்கு ஜோடியான மறு இழையில் இருக்கிறது. போவிஸ் என்றால் திரையில் 22,89,073-ஆம் இடத்தில் ஜி போய் சி வந்திருக்கும். மரபணுவின் கணக்கில் அது 169-ஆம் எழுத்தில் சி போய் ஜி வந்ததாகும். இரண்டும் ஒரே மாற்றம்தான். இதனால் புரதத்தின் 57-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் இருக்க வேண்டிய இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலம் வந்துவிடுகிறது. காசநோய் மாத்திரையான பைராசினமைடு தானாகக் கிருமியைக் கொல்லாது. கிருமியின் பைராசினமிடேஸ் நொதி அதை பைராசினோயிக் அமிலமாக மாற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதி தன் உலோக அயனியைப் பிடித்துவைக்க அந்த ஹிஸ்டிடின் வேண்டும். அது இல்லாததால் மாத்திரை மாத்திரையாகவே கிடக்கும். ஏறக்குறைய எல்லா போவிஸ் கிருமிகளும் பிறவியிலேயே இப்படித்தான். அதிலிருந்து உருவான பிசிஜி தடுப்பூசிக் கிருமியும் அப்படியே.

சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு பெரியவரின் அறிக்கையில் இதை நான் “புதிதாக உண்டான எதிர்ப்பு” என்று எழுதிவிட்டேன். மருத்துவர் அந்தப் பெரியவரிடம், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லையா என்று கேட்டிருக்கிறார். அவர் வாழ்நாளில் காசநோய் மாத்திரையே தொட்டதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக பிசிஜி மருந்து ஏற்றிக்கொண்டவர். அவர் மனம் எவ்வளவு நொந்திருக்கும் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே அடுத்து ஆர்டி4 பகுதியைப் பாருங்கள். ஆர்டி என்பது சில வகைக் கிருமிகளில் இல்லாமல் போன மரபணுத் துண்டு. அங்கே ஒரு வாசிப்பும் (கருவி படித்த சிறு துண்டு வரிசை) விழாமல் வெறுமையாக இருந்தால் போவிஸ். ஆர்டி1-உம் சேர்ந்து காணாமல் போயிருந்தால் பிசிஜி. நம் ஊரில் மாட்டுப்பண்ணையைத் தேடுவதற்கு முன், சிறுநீர்ப்பை சிகிச்சை நடந்ததா, வெளிநாட்டில் காய்ச்சாத பால் குடித்தார்களா என்று கேளுங்கள்.

பிறகுதான் சம்பாதித்த எதிர்ப்பு. இந்தக் கிருமி மற்ற பாக்டீரியாக்களைப் போல எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்தில் கடன் வாங்குவதில்லை. தன் குரோமோசோமில் எழுத்து மாறித்தான் எதிர்ப்பு வரும். ரிஃபாம்பிசின் மருந்துக்கு ஆர்பிஓபி மரபணுவின் புரதத்தில் 450-ஆம் இடம், ஐசோனியசிட் மருந்துக்கு கேட்ஜி மரபணுவின் புரதத்தில் 315-ஆம் இடம், கூடவே ஃபேப்ஜி1 மரபணுவுக்கு முன்னால் 15-ஆம் எழுத்து ஆகியவற்றை ஒன்றுவிடாமல் பாருங்கள். கேட்ஜியும் எதிர் இழைதான். நூறு வாசிப்பில் இருபதில் மட்டும் மாற்றம் தெரிந்தால் பிழை என்று தள்ளாதீர்கள். எதிர்ப்புள்ளவையும் இல்லாதவையும் ஒரே உடலில் கலந்திருக்கலாம். மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அறிக்கையில் “பைராசினமைடுக்கு இயல்பான எதிர்ப்பு, சிகிச்சையால் வந்ததல்ல” என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். சிகிச்சையை 6 மாதத்துக்குச் சுருக்குவதே அந்த மருந்துதான் என்பதால், அது உதவாதபோது வழக்கமாக 9 மாதமாகிறது. எழுதி முடித்ததும் மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். வேலை நேரம் முடிந்துவிட்டது என்று நாளைக்குத் தள்ள வேண்டாம். பயன் தராத அந்த மாத்திரை கல்லீரலை மட்டும் வருத்திக்கொண்டிருக்கும்.