64 பிட் மடிக்கணினியில் பூட் ஆகாத பென்டிரைவ்
ஒரே லினக்ஸ் பென்டிரைவ். மேசைக் கணினியில் சட்டென்று பூட் ஆனது. இன்டெலின் ஆட்டம் செயலி (பிராசசர்) கொண்ட சின்ன மடிக்கணினியிலோ பூட் மெனுவில் அதன் பெயரே வரவில்லை. மூன்று நாள் போச்சு.

கையொப்பமில்லாத மென்பொருள் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தேன். வேறு பென்டிரைவ், வேறு போர்ட், எம்பிஆர், ஜிபிடி என்ற இரண்டு வட்டுப் பிரிப்பு முறைகள் எல்லாம் பார்த்தாயிற்று. சரி, பழைய முறையான லெகசி பூட் போடலாமென்றால் பயாஸில் அப்படி ஒரு வரியே இல்லை.

துப்பு கிடைத்தது விண்டோஸின் 'சிஸ்டம் டைப்' வரியில்: 32 பிட் இயங்குதளம், 64 பிட் செயலி. யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு மாற்றாக வந்தது) வழியாக பூட் ஆகும் விண்டோஸ், கணினியை முதலில் எழுப்பும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் பிட்டோடு ஒத்துப்போக வேண்டும். அப்படியானால் செயலி 64 ஆக இருந்தாலும் ஃபர்ம்வேர் 32 பிட்! அது தேடுவது 'பூட்ஐஏ32.இஎஃப்ஐ' என்ற கோப்பை. என் பென்டிரைவில் இருந்ததோ 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' மட்டும்.

ஃபாட்32-இல் எழுதிய பென்டிரைவ் என்பதால் கோப்பை நேரடியாகச் சேர்க்க முடிந்தது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் நிரலான கிரப்பின் 32 பிட் கோப்பை அந்தப் பெயரிலேயே 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் இருக்கும் 'பூட்' ஃபோல்டரில் போட்டேன், பழையதை அழிக்காமல். அடுத்த முறை மெனுவில் பெயர் வந்தது. அப்பாடா!

லினக்ஸை நிறுவிய பிறகும் வன்தட்டில் 32 பிட் கிரப்பைத்தான் போட வேண்டும். அதை மறந்து இன்னொரு மணி நேரம் வீணாக்கினேன்.