குளிர்காலத்தில் காட்டுப் பாதை வழியே அருவிக்கு: முதல்முறை நடப்பவர்களுக்கு

வரைபடம் பார்ப்பது, பழகிய ஷூவை அணிவது, எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆகவே பனி விழுந்த பாதைக்கு மட்டும் உரியவற்றை இங்கே எழுதுகிறேன்.

படி 1: திரும்பும் நேரத்தைக் குறியுங்கள்

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் தந்த கணக்கு இன்றும் பயன்படுகிறது. ஏறத்தாழ 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அருவி 4 கி.மீ. தொலைவில், கிளம்பும் இடத்தைவிட 300 மீட்டர் உயரத்தில் இருந்தால் போக ஏறத்தாழ 1 மணி 20 நிமிடம் ஆகும். பனியில் நான் இதை அப்படியே இரட்டிப்பாக்கிக்கொள்வேன். சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பே திரும்பத் தொடங்கிவிட வேண்டும். மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் வெளிச்சம் முன்னதாகவே மங்கிவிடும். குறித்த நேரம் வந்துவிட்டால், அருவியின் ஓசை காதில் விழுந்தாலும் திரும்பிவிடுங்கள்.

படி 2: உடை

பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரத்தோடு உடலில் ஒட்டிக்கொண்டு சூட்டை இழுத்துவிடும். உள்ளாடைக்குச் செயற்கை இழையைப் பலர் சொல்வார்கள். என் தேர்வு மெல்லிய கம்பளிதான், நனைந்தாலும் ஓரளவு கதகதப்பைத் தரும். நடக்கத் தொடங்கும்போது இலேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் உடல் சூடேறிவிடும். வியர்க்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிடுங்கள்.

படி 3: பை

தண்ணீர் பாட்டிலை நன்றாக மூடி, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும். தலைகீழாக இருந்தால் பனிக்கட்டி அடிப்பக்கத்தில் பிடிக்கும், மூடி திறக்கும். குழாய் வைத்த தண்ணீர்ப் பைகளை நான் பரிந்துரைப்பதில்லை, குழாய்தான் முதலில் உறைகிறது. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும் என்பதால் கைபேசி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். பகல் நடைதானே என்று தலைவிளக்கை விட்டுவிடாதீர்கள்.

படி 4: கால் பிடிப்பு

எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்தது இந்தப் படிதான். பலர் நடந்த பாதையில் பனி மிதிபட்டு இறுகி, பகலில் சற்று உருகி, இரவில் மீண்டும் உறைந்து கட்டியாகிவிடும். புதுப் பனி விழுந்த பாதையைவிட, ஆள் நடமாட்டம் மிகுந்த பாதையே வழுக்கும். இதற்கு மைக்ரோஸ்பைக் போதும்: ஷூவின்மேல் மாட்டும் ரப்பர் பட்டை, அடியில் சங்கிலி, சங்கிலியில் சிறு எஃகு முட்கள். நீண்ட பற்கள் கொண்ட கிராம்பான் செங்குத்தான பனிச்சரிவுக்கானது. பழகாதவர்களின் காலில் அது கால்சட்டையில் மாட்டிக் கீழே தள்ளும்.

எப்போது மாட்டுவது? வழுக்கிய பிறகு அல்ல, சமதரையில் நிற்கும்போதே. குறிப்பாக அருவியின் சாரல் எட்டும் இடத்துக்கு முன்னால். சாரல் பாறையில் பட்டு மெல்லிய, நிறமற்ற பனித்தாளாக உறைகிறது. பார்வைக்கு அது வெறும் ஈரப் பாறை. வேர்களும் மரப்படிகளும் கைப்பிடிகளும்கூட அப்படித்தான் மூடிக்கிடக்கும். பாறை ஈரமாகத் தெரிந்து, காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் அதைப் பனி என்றே கொள்ளுங்கள். ஊன்றுகோலால் தட்டிப் பாருங்கள். முனை பிடிக்காமல் நழுவினால் அங்கேயே நின்று முட்களை மாட்டுங்கள். அதன்பின் சிறு அடிகளாக, பாதம் முழுவதும் தரையில் படும்படி நடக்க வேண்டும். குதிகாலை முதலில் ஊன்றினால் முட்களில் பாதி வேலை செய்யாது.

படி 5: அருவி அருகில்

போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை தடித்த ஜாக்கெட்டை அணிவது. புகைப்படம் அதற்குப் பிறகு. நடை நின்றவுடன் உடல் ஆறத் தொடங்கிவிடும். உறைந்த அருவிக்கு நேர் கீழே நிற்காதீர்கள். காற்று குளிர்ந்திருந்தாலும் வெயில் பட்டால் பனிக்கட்டிகள் பிடி தளர்ந்து விழும். அருவிக் குளத்தின்மேல் படர்ந்த பனியில் கால் வைக்கவே கூடாது. அடியில் நீர் ஓடிக்கொண்டே இருப்பதால் ஓரிடத்தில் தடித்தும் மறு இடத்தில் காகிதமாகவும் இருக்கும்.

உடன் வந்தவர் இடறுகிறாரா, ஜிப்பை இழுக்க விரல் வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைகிறது. ஈர உடையை மாற்றி, காற்றுப் படாத இடத்தில் போர்த்தி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் நடக்க வைக்காமல் மீட்புக்கு அழையுங்கள்.

பிற்சேர்க்கை: முட்களுக்கு அடியில் பனி உருண்டையாக ஒட்டிக்கொள்கிறது என்று வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். உறைநிலையை ஒட்டிய ஈரப் பனியில் அப்படி நேரும். சில அடிகளுக்கு ஒருமுறை ஊன்றுகோலால் ஷூவின் பக்கத்தில் தட்டினால் உதிர்ந்துவிடும். முழங்கால் வரை பனி புதையும் இடத்தில் மைக்ரோஸ்பைக் பயன்படாது; அதற்கு, பனியில் புதையாமல் நடக்க ஷூவின் அடியில் கட்டும் அகன்ற சட்டகம் (ஸ்னோஷூ) வேண்டும், அது இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு பாதையைத் தேர்ந்தெடுங்கள்.