காயில் கம்பியும் தூண்டில் நரம்பும் வைத்து ஒரு எம்டன்

பழைய வண்ணாரப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். கடையை மூடிய பிறகு சின்னதாக மாதிரிக் கப்பல் செய்வேன், அதிலும் போர்க்கப்பல் மட்டும். ‘சரக்குக் கப்பல்தானே துறைமுகத்தில் நிறைய நிற்கிறது, அதைச் செய்யேன்’ என்பார்கள். சரக்குக் கப்பலில் முக்கால்வாசி வெறும் பெட்டி. போர்க்கப்பலில் ஒரு சாண் இடம் சும்மா இருக்காது. பீரங்கி சுழல இடம் வேண்டும், படகை இறக்க இடம் வேண்டும், புகை யார் கண்ணையும் மறைக்கக் கூடாது. இது ஏன் இங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே செய்தால், அதை வரைந்தவன் மண்டைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடலாம். எனக்கு இதில் ருசியே அதுதான்.

முதல் கப்பலுக்கு எம்டனைச் சொல்வேன். 1914 செப்டம்பர் 22 இரவு நம் கரைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். உயர் நீதிமன்ற மதிலில் அதற்குக் கல்வெட்டே இருக்கிறது. அதைவிட முக்கியம், அளவு தோதானது. நிஜக் கப்பலின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். 200-இல் ஒரு பங்காகச் செய்தால் 59 செ.மீ. நீளம், ஏழு செ.மீ.க்கும் குறைவான அகலம். இதில் ரெவெல் கம்பெனியின் பிளாஸ்டிக் கிட் உண்டு, 350-இல் ஒரு பங்கு. அதை வாங்கி ஒட்டுவதிலும் தப்பில்லை. ஆனால் 200-க்குக் கணக்கு சுலபம்: கப்பலில் ஒரு மீட்டர், கையில் 5 மி.மீ. பெயர்ப்பலகை செய்பவர்கள் வாங்கும் 5 மி.மீ. சன்போர்டு என்ற பிளாஸ்டிக் பலகை ஒரு அடுக்கு வைத்தால் ஒரு மீட்டர் உயரம் ஏறிவிடும்.

இணையத்தில் தேடினால் பக்கத்தோற்றம், மேல்தோற்றம் இரண்டும் கிடைக்கும். ஏ2 தாளின் நீளம் 594 மி.மீ., கப்பல் 591. சரியாகப் பொருந்துகிறதே என்று ஆசைப்படாதீர்கள், பிரிண்டர் ஓரம் விடும். ஏ1 தாளில் எடுத்து, ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள். தண்ணீருக்கு மேல் தெரியும் பகுதியை மட்டும் செய்தால் முதல் கப்பலுக்குப் போதும்.

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்குமான வடிவத்தைச் சன்போர்டில் வரைந்து வெட்டி அடுக்குங்கள். அகலமான பரப்புக்கு ஃபெவிகுவிக் ஆகாது, நேராக வைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும். அரால்டைட் போட்டு மேலே கனமான புத்தகம் வையுங்கள். வெட்டிய ஓரமெல்லாம் பொடிப்பொடியாகத் துளை தெரியும். அதற்கு ஓட்டை அடைக்கும் என்.சி. புட்டியை மெல்லிசாக இழுத்து, நன்றாகக் காய்ந்தபின் வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் தேய்க்க வேண்டும், முதலில் 220 நம்பர், அப்புறம் 400. இந்த வேலை சலிப்புதான். ரேடியோவைப் போட்டுக்கொண்டு தேயுங்கள்.

பீரங்கிதான் எனக்குப் பிடித்த இடம். மொத்தம் பத்து: முன்னால் பக்கம் பக்கமாக இரண்டு, பின்னால் அதேபோல் இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்று. குழலின் உள்விட்டம் 10.5 செ.மீ. அதை 200-ஆல் வகுத்தால் அரை மி.மீ. சொச்சம். மருந்துக்கடையில் பச்சைத் தலையோடு விற்கும் 21 கேஜ் ஊசியின் ஓட்டையும் கிட்டத்தட்ட அரை மி.மீ.தான்! புது ஊசியாக வாங்குங்கள், பயன்படுத்தியதைத் தொடவே கூடாது. பிளேயரால் நறுக்கினால் ஓட்டை நசுங்கிவிடும். முக்கோண அரத்தால் சுற்றிலும் லேசாக ஒரு கோடு போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒடியுங்கள். நீளம் 21 மி.மீ., அதில் பின்பகுதி பீரங்கிக்காரர்களை மறைக்கும் கேடயத்துக்குள் போய்விடும். கேடயத்துக்கு விசிட்டிங் கார்டு அட்டை. வெட்டி வளைத்தபின் ஃபெவிகுவிக்கை ஊறவிட்டால் தகடு மாதிரி விறைத்துவிடும்.

கப்பல் தளத்தின் ஓரத்துக் கைப்பிடிக் கம்பிக்கு 36 கேஜ் காயில் கம்பி. எந்த வைண்டிங் கடையில் கேட்டாலும் துண்டு கிடைக்கும். சுருளிலிருந்து எடுத்தது நெளிந்திருக்கும், கையால் நீவினால் இன்னும் கெடும். ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையைப் பிளேயரால் பற்றி மெதுவாக இழுங்கள். முதலில் விறைக்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் கம்பி லேசாக நீண்டு கொடுப்பது விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்துங்கள், ஸ்கேல் வைத்ததுபோல் நேராகியிருக்கும். கிராஃப் தாளின் மேல் இரட்டைப்பக்க டேப் ஒட்டி, கம்பிகளைக் கோட்டின் மேலேயே பதித்து, குறுக்குக் கம்பி தொடும் இடத்தில் குண்டூசி நுனியால் ஒரு பொட்டு பசை. உயரம் 5 மி.மீ. தாண்டினால் கப்பல் பொம்மையாகிவிடும்.

கப்பலின் உயரமான கம்பங்களை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளுக்குக் காசிமேட்டில் விற்கும் தூண்டில் நரம்பில் இருப்பதிலேயே மெல்லியது கேளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு இழுத்தால் சுருள் போகும். கட்டியபின் தொய்ந்தால் ஊதுபத்தி நுனியைத் தொடாமல் பக்கத்தில் காட்டுங்கள், இழுத்துக்கொள்ளும். தொட்டால் அறுந்துவிடும்.

நிறம் சாம்பல். அமைதிக் காலத்தில் எம்டன் வெள்ளை, போருக்குப் புறப்பட்டபோதுதான் சாம்பல் பூசினார்கள். சிறிய பொருளில் எந்த நிறமும் கருத்துத் தெரியும் என்பதால் கொஞ்சம் வெள்ளை கலந்து, பளபளப்பில்லாத ‘மேட்’ பெயிண்டாக அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஸ்பிரே அடிக்காதீர்கள். நம்ம பக்கத்து ஈரக்காற்றில் பெயிண்ட் வெளுத்துப்போகும்.

புகைபோக்கி மூன்று, பன்னிரண்டு பாய்லர்களின் புகையும் அதில்தான் போகும். பழைய ஸ்கெட்ச் பேனா, மின்சார பைப் என்று வரைபடத்துக்குச் சரியான விட்டத்தில் எது கிடைத்தாலும் சரி. நான்காவதாக ஒன்றைத் தாளில் சுருட்டி, ஒட்டாமல் தனியாக வையுங்கள். பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க எம்டன்காரர்களே கித்தான் துணியில் ஒரு பொய்ப் புகைபோக்கி செய்து வைத்திருந்தார்கள், அதை நிமிர்த்திக்கொண்டுதான் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தார்கள். வேண்டியபோது செருகி, வேண்டாதபோது எடுத்துவிடலாம்.