காணிப் பிளானில் ஜிபிஎஸ் புள்ளி: எவ்வளவு தள்ளி விழுந்தால் என்ன பிழை?

காணிப் பிளானை ஸ்கேன் செய்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, மேலே ஜிபிஎஸ் புள்ளிகளை வைத்ததும் எல்லைக்கல் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும். உடனே பழி கருவியின் தலையில். திறந்த வெளியில் கைக்கருவியின் பிழை 3 முதல் 5 மீட்டர்தான். மலைச்சரிவும் நிழல் மரமும் வானத்தை மறைத்தால் 10 மீட்டரைத் தாண்டலாம். அதற்கும் மேலான விலகல் என்றால், மென்பொருளுக்கு நாம் கொடுத்த விவரத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று அளந்தாலே பிழை பெரும்பாலும் பிடிபடும்.

கிழக்கு மேற்காக 200 மீட்டருக்குச் சற்று மேல்

இது டேட்டம் பிழை. அகலாங்கு நெட்டாங்கை எந்த அடிப்படையில் கணக்கிடுகிறோம் என்பதே டேட்டம். ஜிபிஎஸ் வேலை செய்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற உலகப் பொது டேட்டத்தில். இலங்கையின் பழைய வரைபடங்கள் எவரெஸ்ட் நீள்கோளத்தில் (பூமியின் வடிவத்துக்கான ஒரு கணித மாதிரி) அமைந்த கண்டவல டேட்டத்தில். கருவியின் திரையைக் கண்டவலவுக்கு மாற்றி, அகலாங்கு நெட்டாங்கைக் கொப்பியில் எழுதி, பிறகு அதையே டபிள்யூஜிஎஸ் 84 என்று தட்டச்சு செய்தால் புள்ளி மேற்கே தள்ளி விழும். திரையில் எந்த டேட்டம் தெரிந்தாலும் கருவி சேமிக்கும் ஜிபிஎக்ஸ் கோப்புக்குள் இருப்பது டபிள்யூஜிஎஸ் 84தான். ஆகவே கொப்பியை நம்பாமல் கோப்பையே கணினிக்கு மாற்றுங்கள்.

நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், கடலுக்குள்

இலங்கை வரைபடங்களில் இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் பழைய கட்டமும் (மென்பொருளில் அதன் குறியீடு ஈபிஎஸ்ஜி 5234) புதிய எஸ்எல்டி 99 கட்டமும் (ஈபிஎஸ்ஜி 5235) பீதுருதாலகாலையையே மையமாகக் கொண்டவை. பழையதில் அந்த இடம் கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீட்டர். புதியதில் 500,000, 500,000. பழைய எண்களைப் புதிய கட்டம் என்று சொல்லி ஏற்றினால் புள்ளிகள் தென்மேற்கே கடலில் மிதக்கும். இரண்டிலும் 300,000 கூட்டிவிட்டால் சரி என்று பலர் சொல்வதுண்டு. ஊரளவுக்குச் சரிதான், எல்லைக்கல்லுக்குப் போதாது: 99இல் வலையமைப்பையே மறுபடி சரிசெய்திருக்கிறார்கள், எஞ்சும் வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். மென்பொருளே மாற்றட்டும்.

இதைவிடத் தந்திரமானது கிழக்கு எண்ணும் வடக்கு எண்ணும் இடம்மாறுவது. மையத்தின் இரண்டு எண்களும் ஒன்றாக இருப்பதால் மாறிய புள்ளியும் மலைநாட்டுக்குள்ளேயே விழும். பண்டாரவளை ஏறக்குறைய கிழக்கு 524 கி.மீ., வடக்கு 481 கி.மீ.; மாற்றிப் போட்டால் கம்பளைக்கும் பேராதனைக்கும் இடையில் போய் உட்காரும். ஹட்டன் 481, 488. ஊரின் எண்ணை முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தால் ஒரு பார்வையில் பிடித்துவிடலாம்.

கிலோமீட்டர் கணக்கில் விலகினால் கலையை (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) தசமமாக வாசித்தோமா என்று பாருங்கள். 6° 53.502′ என்பது 6.8917 பாகை. 6.53502 என்று எழுதினால் 39 கி.மீ. தெற்கே போய்விடும்.

கியூஜிஐஎஸ்ஸில் அடிக்கடி நடக்கும் இன்னொன்று: புள்ளிகள் பொருந்தவில்லை என்றதும் ‘செட் லேயர் சிஆர்எஸ்’ஸில் (லேயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லும் கட்டளை) வேறு வேறு கட்டத்தைத் தெரிந்து பார்ப்பது. அந்தக் கட்டளை எண்களை மாற்றுவதில்லை, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும். ஜிபிஎக்ஸ் லேயரை 4326இலேயே (டபிள்யூஜிஎஸ் 84இன் குறியீடு) விட்டு, ‘எக்ஸ்போர்ட்’ வழியாக 5235இல் புதிய கோப்பாகச் சேமியுங்கள்.

தாளைப் பொருத்தும்போது

தோட்டங்களின் பழைய பிளான்கள் பலவற்றில் ஆள்கூறே இருக்காது. சங்கிலிக் கணக்கில் நீளமும் திசைக்கோணமும் மட்டும். ஒரு சங்கிலி 20.1168 மீட்டர். ‘அங்குலத்துக்கு 4 சங்கிலி’ என்றால் 1:3168. போட்டோகொப்பி சுருங்கியிருந்தால் எழுதிய அளவுத்திட்டம் பொய்யாகிவிடும், ஆனால் அளவுக்கோடும் சேர்ந்து சுருங்குவதால் அதை நம்பலாம். போனில் எடுத்த படம் வேண்டாம், ஓரங்கள் சரிந்திருக்கும். தட்டை ஸ்கேனரில் 300 டிபிஐ போதும்: 1:1000 பிளானில் ஒரு பிக்சல் நிலத்தில் 8.5 செ.மீ.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு (பிளானிலும் நிலத்திலும் அடையாளம் காணக்கூடிய இடங்கள்) பாலத்தின் மூலை, மதகு, பெக்டரிச் சுவர், பழைய எல்லைக்கல் ஆகியவற்றை எடுங்கள். பாதை வளைவும் ஓடைக்கரையும் வேண்டாம். பிளானைத் துல்லியம் குறைந்த கைக்கருவிப் புள்ளிகளோடு பொருத்தும்போது இடைவெளிதான் முக்கியம்: 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்று குறுக்காக 4 மீட்டர் பிழைத்தால் பிளான் முழுவதும் கிட்டத்தட்ட 4 பாகை திரும்பிவிடும். காணியின் நான்கு கோடிகளிலும், முடிந்தால் காணிக்கு வெளியிலும் எடுங்கள்.

உருமாற்றத்துக்கு ‘ஹெல்மர்ட்’ போதும். அது பிளானைத் திருப்பும், பெருக்கும், நகர்த்தும், வடிவத்தைக் கெடுக்காது. ‘தின் பிளேட் ஸ்ப்லைன்’ கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் எஞ்சிய பிழையைச் சுழியமாக்கிவிடும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் தாளையே வளைத்துவிடுகிறது. அந்தச் சுழியத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. பொருத்தியபின் பிளானில் நீளம் எழுதியிருக்கும் ஒரு எல்லையைத் திரையில் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் திரும்பத் தொடங்க வேண்டியதுதான்.

சாட்டிலைட் படத்தின் மேல் பிளானை இழுத்துப் பொருத்துவதும் கூடாது. செங்குத்துச் சரிவில் படமே சில மீட்டர் நகர்ந்திருக்கக்கூடும்.

நிலத்தில் டேப் பிடித்தும் சரிபார்ப்பதானால் சாய்வை மறக்காதீர்கள். பிளானில் இருப்பது கிடைத்தூரம். 30 பாகைச் சரிவில் டேப் 20 மீட்டர் காட்டினால் பிளானில் அது 17.3 மீட்டர்.

எதற்கு உதவாது

7 பேர்ச் காணி என்பது 177 சதுர மீட்டர். சதுரமாக வைத்தால் பக்கம் 13.3 மீட்டர். ஒரு பக்கம் 3 மீட்டர் நகர்ந்தால் 1.6 பேர்ச் போயிற்று. ஆண்ட்ராய்ட் போன் ‘5 மீட்டர்’ என்று காட்டினாலும் மூன்றில் இரண்டு தடவைதான் உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்கும். அதே புள்ளியை வேறு நேரத்தில் மீண்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் துல்லியம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். கல் எங்கே இருக்கலாம் என்று புல்லுக்குள் தேட இந்தப் புள்ளிகள் போதும். வேலி போடவோ உறுதி எழுதவோ 2002ஆம் ஆண்டு 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற நில அளவையாளர் வரவேண்டும்.

புள்ளிகளுக்கு 001, 002 என்று கருவி வைக்கும் பெயரை விட்டுவிடாமல் பிளானில் உள்ள மூலை எழுத்தையே வையுங்கள். எல்லையைச் சுற்றி ஒரே திசையில் எடுங்கள். முன்பின் கலந்தால் பலகோணம் தன்னையே வெட்டிக்கொண்டு பரப்பளவு தப்பாக வரும்.

உயரம் தேவையென்றால் எந்த உயரம் என்று முதலில் பாருங்கள். இலங்கையில் நீள்கோள உயரம் (டபிள்யூஜிஎஸ் 84 நீள்கோளத்திலிருந்து அளப்பது) கடல் மட்ட உயரத்தைவிட ஏறக்குறைய 100 மீட்டர் குறைவு. சில ஆப்கள் முதலாவதைக் காட்டும், கைக்கருவிகள் பெரும்பாலும் இரண்டாவதை.