'முதுகுல அடிச்சாலும் கட்டுப்படு'ன்னு ஃபார்வேர்டு வந்தா எப்படி படிக்கிறது

போன ரமலான்ல தாராவி 90 அடி ரோட்டுல, தராவீஹ் (ரமலான் ராத்திரித் தொழுகை) முடிச்சு டீ குடிச்சிட்டு நின்னப்ப மச்சான் ஒருத்தர் போன நீட்டுனாரு. "ஆட்சியாளர் உன் முதுகுல அடிச்சாலும், உன் பொருள பிடுங்குனாலும் கேட்டு நட, கட்டுப்படு", கீழ 'முஸ்லிம்'னு (அது இமாம் முஸ்லிமோட ஹதீஸ் தொகுப்பு) ஒரு வார்த்தை, அவ்ளோதான். அனுப்புனது ஊர் ஜமாஅத்து நிர்வாகி ஒருத்தர், பள்ளிவாசல் கணக்கு கேட்டவங்களுக்கு அதுதான் பதிலாம். இது சுல்தானுக்கு உள்ள ஹதீஸா (நபிமொழி), முத்தவல்லிக்கு (பள்ளிவாசல் சொத்த நிர்வாகம் பண்றவரு) உள்ள ஹதீஸான்னு மச்சான் கேட்டாரு, எல்லாரும் சிரிச்சோம், ஆனா உருப்படியா பதில் சொல்ல ஒருத்தனுக்கும் வரல. அப்புறம் கொஞ்சம் படிச்சு, ரெண்டு ஹஜ்ரத்மார்கிட்ட (மார்க்கம் படிச்ச ஆலிம்கள்) கேட்டு, இந்த மாதிரி மெசேஜ் வந்தா எப்படி பாக்கணும்னு ஒரு வழக்கம் வச்சிருக்கேன். நான் ஆலிம் எல்லாம் இல்ல, தோல் பை தைக்கிறவன், அத மனசுல வச்சிட்டு படிங்க.

மொதல்ல மூணு கேள்விய தனித்தனியா பிரிச்சிடுங்க. அவன் செய்யச் சொல்றத நான் செய்யணுமா? அவன் செய்றது தப்புன்னு நான் வாயத் தொறந்து சொல்லலாமா? ஆயுதம் எடுத்து அவன இறக்கலாமா? ஃபார்வேர்டு போடுறவங்க மூணாவது கேள்விக்கு உள்ள பதில எடுத்து மூணுக்கும் ஒட்டிடுறாங்க. அந்தப் பக்கம் சூடா பேசுற பசங்க ரெண்டாவதுக்கு உள்ள பதில எடுத்து மூணாவதுல ஒட்டுறாங்க. பாதி சண்டை இங்கதான் வருது.

செய்யச் சொல்றத செய்யணுமாங்கிறதுக்கு குர்ஆன் 4:59 பாருங்க. அல்லாஹ்வுக்கு கட்டுப்படுங்க, தூதருக்கு கட்டுப்படுங்க, உங்கள்ல அதிகாரம் உள்ளவங்களுக்கும்னு வரும். அரபில 'கட்டுப்படுங்க'ங்கிற சொல் அல்லாஹ்வுக்கு ஒரு தடவ, தூதருக்கு ஒரு தடவ வருது, அதிகாரம் உள்ளவங்களுக்கு தனியா வரல, அதனால அவங்களுக்கு கட்டுப்படுறது முதல் ரெண்டுக்கு உள்ள அடங்குனதுதான்னு விளக்கம் சொல்வாங்க. பிணக்கு வந்தா அல்லாஹ்கிட்டயும் தூதர்கிட்டயும் கொண்டு போங்கன்னு அதே ஆயத்து முடியுது, ஃபார்வேர்டுல அந்த வால மட்டும் வெட்டிருப்பாங்க.

இதுக்கு புகாரி, முஸ்லிம் ரெண்டு ஹதீஸ் தொகுப்புலயும் உள்ள ஒரு சம்பவம் போதும், நபித்தோழர் அலி ரலி அறிவிக்கிறது (ரலி, ஸல்ங்கிறது மரியாதைக்கு பேரோட சொல்ற துஆ). நபி ஸல் ஒரு படைய அனுப்பி அன்சாரி (மதீனாவாசி) ஒருத்தர தலைவரா போடுறாங்க, அவருக்கு கட்டுப்படணும்னும் சொல்லி விடுறாங்க. வழில அவருக்கு என்ன கோபமோ, விறகு சேர்க்கச் சொல்லி, நெருப்பு மூட்டச் சொல்லி, எனக்கு கட்டுப்படச் சொன்னாங்கல்ல, இதுக்குள்ள இறங்குங்கன்னாரு. சிலபேர் இறங்கவே நினைச்சுட்டாங்க. மத்தவங்க, நெருப்புலேர்ந்து தப்பிக்கத்தானே நபிகிட்டயே வந்தோம்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க, அதுக்குள்ள நெருப்பும் அணைஞ்சுது, அவர் கோபமும் அணைஞ்சுது. விஷயம் நபிகிட்ட போனப்ப, இறங்கியிருந்தா அதுலேர்ந்து வெளியவே வந்திருக்க மாட்டாங்க, கட்டுப்படுறது நல்ல விஷயத்துல மட்டும்தான்னு சொன்னாங்க. தலைவர போட்டது நபியே, அப்பவும் இதான் தீர்ப்பு.

இப்ப அந்த முதுகு ஹதீஸுக்கு வாங்க. நபித்தோழர் ஹுதைஃபா ரலி வழியா முஸ்லிம்ல இருக்கு, பொய்யுன்னு தள்ளிடாதீங்க, சில பசங்க அவசரத்துல அப்படி பேசிடுறாங்க. ஆனா அந்த அறிவிப்பு தொடர்ல விடுபடல் இருக்குன்னு தாரகுத்னி மாதிரி பழைய ஹதீஸ் அறிஞர்களே சொல்லியிருக்காங்க, அதுவும் ஃபார்வேர்டுல வராது. (நம்பர் வச்சு தேடினா குழம்புவீங்க, தமிழ் பதிப்புக்கும் அரபி பதிப்புக்கும் மாறும், அறிவிப்பாளர் பேர வச்சு தேடுங்க.) சரி, ஹதீஸ் அப்படியே இருக்கட்டும். அது யாரு முதுக பத்தி பேசுது? உங்க முதுக. உங்க பொருள. அடுத்தவன் முதுகுல அடின்னு சொன்னா அடிக்கணும்னு அதுல எங்கயும் இல்ல, அந்த இடத்துல நெருப்பு சம்பவம்தான் சட்டம்.

தப்புன்னு சொல்லலாமாங்கிறதுல பெரிய சிக்கல் கிடையாது. அநியாயக்கார ஆட்சியாளர் முன்னாடி நியாயம் பேசுறது சிறந்த ஜிஹாத்னு அபூதாவூத், திர்மிதி ஹதீஸ் தொகுப்புகள்ல இருக்கு. எப்படி பேசுறதுன்னா, கொடுங்கோல் மன்னன் ஃபிர்அவ்ன்கிட்டயே மென்மையா பேசுங்கன்னுதான் மூஸா நபிக்கும் ஹாரூன் நபிக்கும் கட்டளை, குர்ஆன் 20:44. ஸ்டேட்டஸ்ல கெட்ட வார்த்தை போடுறது இதுல சேராது.

ஆயுதம்தான் கனமான விஷயம், இங்க நிதானமா படிங்க. 680ல நபியோட பேரன் ஹுசைன் ரலி, ஆட்சிக்கு வந்த யஸீதுக்கு பைஅத் (கட்டுப்படுறேன்னு உறுதிமொழி) கொடுக்காம கர்பலாவுல ஷஹீத் ஆனாங்க (உயிர்த்தியாகம்), அதே காலத்துல கலீஃபா உமரோட மகன் இப்னு உமர் ரலி பைஅத் கொடுத்துட்டு ஒதுங்கி இருந்தாங்க. 740ல ஹுசைனோட பேரன் ஸைத் பின் அலி ஆட்சிக்கு எதிரா கிளம்புனப்ப இமாம் அபூஹனீஃபா அவருக்கு ஆதரவா இருந்ததா வரலாறு. இவ்ளோ ரத்தம் பாத்த பிறகு, ஆட்சியாளர்கிட்ட பகிரங்கமான குஃப்ர் (இறைமறுப்பு) தெரியாத வரைக்கும் வாள் எடுக்கக் கூடாதுன்னு சுன்னத் ஜமாஅத்து உலமா (மார்க்க அறிஞர்கள்) பெரும்பாலும் நின்னுட்டாங்க, உபாதா ரலி ஹதீஸ் அதுக்கு ஆதாரம். அந்த ஸைத் பேர்ல உள்ள ஷியா பிரிவு ஸைதிய்யாக்கள் ஒத்துக்கல. ஆக, கிளம்பாதேன்னது ஆட்சியாளர் நல்லவன்னு சர்டிஃபிகேட் இல்ல, ஜனங்க சாகக் கூடாதுன்னு போட்ட கணக்கு.

மூணையும் ஒரே ஆள்ல பாக்கணும்னா நம்ம ஷாஃபி மத்ஹப்போட (மார்க்கச் சட்ட வழிமுறை) இமாம் நவவி. கிளர்ச்சி ஹராம்னு முஸ்லிம் விளக்கவுரைல எழுதுனதும் அவங்கதான், சுல்தான் பைபர்ஸ் போர் செலவுக்கு ஜனங்ககிட்ட வரி வாங்க ஃபத்வாவுல கையெழுத்து கேட்டப்ப, மொதல்ல உங்க அடிமைகளோட தங்க கச்சைய வித்துட்டு வாங்கன்னு மறுத்ததா சொல்லப்படுறதும் அவங்களத்தான். வாள் எடுக்கல, கையெழுத்தும் போடல.

அடுத்து, இது நமக்கு எங்க பொருந்தும்னு பாருங்க. இங்க சட்டத்துக்கு கட்டுப்படுறத உலமா அதிகமா ஒப்பந்தத்த காப்பாத்துறதுங்கிற கணக்குல பேசுறாங்க (குர்ஆன் 5:1). அந்த சட்டத்துக்குள்ளயே மனு, கோர்ட், ஓட்டு, ஆர்டிஐ எல்லாம் இருக்கு, அத யூஸ் பண்றது கலகம் ஆகாது. பள்ளி கமிட்டிங்கிறது சுல்தானும் இல்ல, வக்ஃப் (மார்க்கத்துக்கு ஒதுக்குன சொத்து) சட்டப்படி முத்தவல்லி வக்ஃப் போர்டுக்கு கணக்கு காட்டணும், கலீஃபா அபூபக்கர் ரலியே நான் தப்பா போனா என்ன நிமித்துங்கன்னு மொத பேச்சுலயே சொன்னாங்க.

கடைசியா ஹஜ்ரத்கிட்ட போறப்ப 'தலைவருக்கு கட்டுப்படணுமா'ன்னு மொட்டையா கேக்காதீங்க, கட்டுப்படணும்னுதான் பதில் வரும். யாரு, என்ன செய்யச் சொல்றாரு, செஞ்சா யாருக்கு நஷ்டம்னு முழுசா சொல்லிக் கேளுங்க. மச்சான் அப்படித்தான் கேட்டாரு, ஹஜ்ரத் அந்த நெருப்பு சம்பவத்த வாய்ஸ் மெசேஜா அனுப்புனாங்க, மச்சான் அத ஊர் குரூப்ல போட்டாரு. எல்லாரும் பாத்ததுக்கு ப்ளூ டிக் விழுந்துச்சு. கணக்கு இன்னும் வரல, மச்சான் போர்டுக்கு மனு எழுதிட்டு இருக்காரு.