பெருந்தொற்றுக் காலத்து இணைய மோசடிகள்: அவசரத்தில் செய்த தவறுகளும் இன்றும் தவிர்க்க வேண்டியவையும்

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது வங்கி, பள்ளி, அலுவலகம் எல்லாம் ஒரே வாரத்தில் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அதுவரை வங்கிக்கு நேரில் போயோ பிள்ளைகளிடம் கொடுத்தோ காரியத்தை முடித்துக்கொண்டவர்கள்கூட, பழக்கமில்லாத செயலிகளைத் தாமே இயக்க வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். மோசடிக்காரர்கள் இதற்கெனப் புதிய தொழில்நுட்பம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அன்றைய செய்தித்தாளில் எந்த அறிவிப்பு வந்ததோ, அதையே தூண்டிலில் மாட்டினார்கள்.

கடன் தவணைகளை வங்கிகள் மூன்று மாதம் தள்ளிவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று அனுமதி அளித்தது. "உங்கள் தவணையைத் தள்ளிவைக்க வேண்டுமானால் இப்போது வந்த ஓடிபியைச் சொல்லுங்கள்" என்று அதன் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. சலுகை உண்மையானது, அழைத்தவர்தான் போலி. செய்தியைச் சரிபார்த்தவர்கள், அழைத்தவரைச் சரிபார்க்கவில்லை. மார்ச் 28 அன்று கொரோனா நிவாரணத்துக்காக அறிவிக்கப்பட்ட பிஎம் கேர்ஸ் நிதியிலும் இதே கதைதான்: உண்மையான யூபிஐ முகவரியில் 'கேர்ஸ்' என்று இருந்ததை, கடைசி எழுத்தை மட்டும் விட்டுக் 'கேர்' என்று பதிவுசெய்து நன்கொடைகளைத் திருப்பப் பார்த்தார்கள். தர்மம் செய்ய வந்தவர் ஓர் எழுத்தை எண்ணிப் பார்ப்பாரா?

எழுத்துப்பிழை இருந்தால் மோசடி, அனுப்பியவரின் முகவரி சரியாக இருந்தால் நம்பலாம் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவந்தவர்களில் நானும் ஒருவன். அந்த அறிவுரை பாதிதான் சரி. சென்னை, டெல்லி, மும்பை, ஐதராபாத், அகமதாபாத் ஆகிய நகரவாசிகளுக்கு இலவசக் கொரோனா பரிசோதனை என்ற தலைப்பில் போலி மின்னஞ்சல்கள் வரக்கூடும் என்று 2020 ஜூனில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தபோது, அவை அரசு முகவரியிலிருந்து வந்தவை போலவே தோன்றும் என்பதையும் குறிப்பிட்டது. மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் முகவரி, அஞ்சல் உறையின் பின்பக்கம் எழுதும் பெயரைப் போன்றது; யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். எனவே வந்த இணைப்பைத் தொடாமல், அந்தத் துறையின் தளத்தை நாமே தட்டச்சு செய்து திறந்து பார்ப்பதே வழி.

தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தது என்ற நம்பிக்கை இதைவிட ஆபத்தானது. 2021 ஏப்ரல் இறுதியில் பதினெட்டு வயது நிறைந்த அனைவருக்கும் அரசின் தடுப்பூசித் தளமான கோவினில் முன்பதிவு திறக்கப்பட்டது. இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பாக இருந்தது. அந்த நேரத்தில், தடுப்பூசிக்குப் பதிவுசெய்ய இந்தச் செயலியை நிறுவுங்கள் என்று குறுஞ்செய்திகள் பரவின. நிறுவியதும் அந்தச் செயலி தொடர்பு எண்களையும் குறுஞ்செய்தி அனுப்பும் அனுமதியையும் கேட்கும். கொடுத்துவிட்டால், அதே செய்தியை உரிமையாளருக்குத் தெரியாமலேயே அவருடைய உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் அனுப்பிவிடும். பெற்றவருக்கோ அது மாமாவோ அத்தையோ அனுப்பிய உதவி. பிளே ஸ்டோருக்கு வெளியே, இணைப்பின் வழியாக வரும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) யார் அனுப்பினாலும் நிறுவக் கூடாது என்பதில் விதிவிலக்கே வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆக்சிஜன் சிலிண்டருக்கும் ரெம்டெசிவிர் மருந்துக்கும் முன்பணம் கட்டி ஏமாந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சுத் திணறும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாரும் நிதானமாக விசாரிக்க முடியாது. ஆனால் பணம் திருப்பித் தருவதாகச் சொல்லிக் கியூஆர் குறியீட்டை அனுப்பி ஏமாற்றும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. யூபிஐயில் பணம் பெற ரகசிய எண் (PIN) தேவையே இல்லை. அந்த எண்ணைக் கேட்கிறது என்றால் நம் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று பொருள்.

விவரம் அறிந்தவர்கள் ஏமாறமாட்டார்கள் என்பதும் தவறான எண்ணம். 2020 ஜூலையில் ட்விட்டரின் முக்கியக் கணக்குகள் கைப்பற்றப்பட்டபோது, வீட்டிலிருந்து வேலைசெய்த ஊழியர்களை நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைத்து, விபிஎன் (அலுவலக வலையமைப்பில் வெளியிலிருந்து பாதுகாப்பாக இணையும் வசதி) கோளாறைச் சரிசெய்வதாகப் போலித் தளத்தில் கடவுச்சொல்லை இடவைத்தார்கள். அந்த நாட்களில் விபிஎன் எல்லோருக்கும் தகராறு செய்துகொண்டிருந்ததால், அழைப்பு இயல்பாகவே தோன்றியது. அலுவலகத்தில் இருந்திருந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். வீட்டில் இருப்பவர் அழைப்பைத் துண்டித்துவிட்டு, தம்மிடம் முன்பே உள்ள எண்ணுக்குத் தாமே திரும்ப அழைக்க வேண்டும்.

தடுப்பூசிச் சான்றிதழைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வைத்ததும் ஒரு தவறுதான். பெயர், வயது, அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் என, நம்பும்படி பேச ஒருவனுக்குத் தேவையானவை அதில் இருந்தன.

பணம் போனபின் வெட்கத்தால் சொல்லாமல் இருப்பதே பெரிய இழப்பைத் தருகிறது. 2021இல் 155260 என்று தொடங்கி இப்போது 1930 ஆக இருக்கும், இணைய மோசடிகளுக்கான தேசிய உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் சென்றுசேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், கணக்கில் மிச்சம் இருப்பதையாவது முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. மோசடிக்காரர்கள் அதைப் பல கணக்குகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்பதால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அழைக்கும்போது பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.